காக்கை இறங்காத கொல்லை

இன்று காலை உலைக்கு அரிசி எடுக்கலாமென்று டிரம்மின் மூடியைத் திறந்தேன். குப்பென்று மாம்பழ வாசனை. வைத்தவன் நான்தான். போன வாரம் என் கையாலேயே அரிசிக்குள் புதைத்து வைத்த பழம்தான். ஆனாலும் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். இந்த வாசனை வந்தால் அடுத்த நொடி நீ வருவாய் என்று என் மூக்கு பழகிவிட்டது. "தள்ளுங்க, நீங்க கிளறுனா காம்பு உடைஞ்சிரும்" என்று என்னை இடித்துத் தள்ளிவிட்டு, முழங்கை வரை அரிசிக்குள் விட்டுத் தேடுவாய். இன்று என்னை யாரும் இடித்துத் தள்ளவில்லை. நானே கையை விட்டு எடுத்தேன். காம்பு உடையவில்லை, தெரிந்துகொள்.

இன்று உனக்கு வருஷத் திதி. நம் மகளும், முசிறியிலிருந்து உன் அக்காவும் நேற்றே வந்துவிட்டார்கள். இப்போது எல்லாம் முடிந்து, சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்கு அடியில் கண்ணயர்ந்திருக்கிறார்கள். நான் கொல்லைப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். இன்றைக்கு மத்தியானம் நடந்த கூத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? கேட்டால் நீ முதலில் சிரிப்பாய். பிறகு திட்டுவாய். எனக்கு இரண்டுமே வேண்டியிருக்கிறது.

"நினைவிருக்கிறதா" என்றெல்லாம் உன்னைக் கேட்கமாட்டேன். நீ எதையும் மறந்ததே கிடையாது, எனக்கு அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. இந்த இமாம்பசந்து மாமரம் நம் வீட்டுக்கு வந்ததே என் பஸ்ஸில்தான். கொள்ளிடக் கரையோரம் மேலூரில் இந்தச் சின்ன வீட்டையும் அதைவிடப் பெரிய கொல்லையையும் வாங்கிக் குடிவந்த புதிது. முசிறி பஸ் ஸ்டாண்டில் உன் அப்பா ஓர் ஒட்டுக்கன்றோடு வந்து நின்றார். வேர் மண்ணோடு சாக்கில் கட்டியிருந்ததைக் கைக்குழந்தையைத் தருவதுபோல் என்னிடம் நீட்டினார். "மாப்ளே, எம்பொண்ணு கேட்டா. பத்திரமா கொண்டு சேத்துருங்க." டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்ன கண்டக்டரு, மாமனார் வீட்டுச் சீரா? லக்கேஜ் போட்டியா இல்லியா?" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு ரோஷம் வந்து, லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்து அந்தக் கன்றின் கிளையிலேயே செருகிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் நீ கன்றைப் பார்க்கவில்லை, டிக்கெட்டைத்தான் பார்த்தாய். "மரத்துக்கு டிக்கெட் போட்ட மனுசன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்று அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அது காய்க்கச் சில வருஷங்கள் ஆயின. முதல் காய்ப்பு கொஞ்சம்தான். ஒவ்வொரு காய்க்கும் பேர் வைக்காத குறை. பழுக்கிற சமயம் பார்த்து ஒன்றை அணில் கடித்தது, இன்னொன்றைக் காக்கை கொத்தியது. மிச்சத்தைக் குரங்குகள் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டுப் போயின. அவை வயிறாரத் தின்றிருந்தால்கூட உனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஒரு கடி கடித்துவிட்டு, புளிக்கிறதென்று தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததைப் பறித்திருந்தன. கொல்லையெங்கும் கடித்துப் போட்ட காய்கள். நீ அவற்றை முந்தானையில் பொறுக்கிக்கொண்டே அழுதாய். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு நான், "விடு, அணில் கடிச்ச பழம்தான் ருசின்னு சொல்லுவாங்க" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அப்ப அணிலோடயே குடும்பம் நடத்துங்க! எச்சியைத் திங்கறதுக்கா நான் இத்தனை நாளா தண்ணி ஊத்துனேன்?" என்று பாய்ந்தாய்.

அன்றைக்குத் தொடங்கியது உன் காவல். மாதுளைக்குப் பை, கொய்யாவுக்கு வலை, வாழைத்தாருக்குப் பழைய சேலை. நான் ரிட்டயர் ஆன மறுநாளே என் காக்கிச் சட்டைகளை எடுத்துத் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாய். "இனிமே இதைப் போட்டுக்கிட்டு எங்க போகப் போறீங்க?" ஆயுசு முழுக்க நான் வேர்வை சிந்திய சட்டைகள் எல்லாம், வாயில் நாடா வைத்த சின்னச் சின்னப் பைகளாகி மாதுளைச் செடியில் தொங்கின. ஒரு பையில் சட்டைப்பாக்கெட் பொத்தானோடு அப்படியே இருந்தது. சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே நான் அவற்றைப் பார்த்து, "எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?" என்று குரல் கொடுப்பேன். நீ அடுப்படியிலிருந்தே, "எல்லாம் பாஸு!" என்பாய்.

பழைய கேசட்டுகளை உடைத்து உள்ளிருக்கும் நாடாவை உருவிக் கொய்யா மரத்தைச் சுற்றி இழுத்துக் கட்டினாய். காற்றடித்தால் அது ரீங்காரமிடும், வெயிலில் மின்னும், கிளிகள் கிட்டே வராது. இதெல்லாம்கூட எல்லோரும் செய்கிற வேலைதான். அந்தக் குடைத்துணிக் காக்கைதான் உன் சொந்தச் சரக்கு. என் கறுப்புக் குடை கிழிந்தபோது அதை வெட்டி, உள்ளே வைக்கோல் திணித்து, இறக்கை விரிந்து தலை தொங்குகிற மாதிரி தைத்து, மாமரத்துக் கிளையில் தலைகீழாகக் கட்டிவிட்டாய். மேலூர்க் காக்கைகள் எல்லாம் அன்று கூடி வந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி ஒப்பாரி வைத்தன. அதன் பிறகு நம் கொல்லையில் ஒரு காக்கை இறங்கியதில்லை. மேலே பறந்து போகிறபோதுகூடக் கொஞ்சம் விலகித்தான் போகும்.

பக்கத்து வீட்டு மாமிக்கு அதில் பெரிய மனத்தாங்கல். மாமி தினமும் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏண்டிம்மா, காக்காயை இப்படியா விரட்டுவா? பித்ருக்கள்டீ அதெல்லாம்" என்றாள். நீ சும்மா இருப்பாயா? "பித்ருக்களா இருந்தா வாசக்கதவைத் தட்டிட்டு வரட்டும் மாமி. எலை போட்டுச் சோறு போடறேன். மரத்துல ஏறிக் காயைக் கொத்துறது என்ன பழக்கம்?" மாமி சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள்.

எது வந்தாலும் நீ போட்ட கூச்சல் ஒன்றே ஒன்றுதான். "அடேய், கையை எடுடா!" குரங்குக்கும் அதுதான், அணிலுக்கும் அதுதான், கிளிக்கும் அதுதான். அடிவயிற்றிலிருந்து வரும். தெருமுனைப் பெட்டிக்கடை வரை கேட்கும். "காக்காய்க்கு ஏதுடி கை?" என்று மாமி கேட்டதற்கு, "அதுக்குத் தெரியும் மாமி, எதை எடுக்கணும்னு" என்றாய்.

குரங்குகளுக்கு மட்டும் கூச்சல் போதவில்லை. கொள்ளிடக் கரையிலிருந்து மதில் மதிலாகத் தாவி வரும். உன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டும். அப்போதுதான் ஆணியில் மாட்டியிருந்த என் விசிலை எடுத்தாய். மத்தியானம் அசந்து தூங்கிக்கொண்டிருந்த நான், ஒரு நீள விசில் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, "யாருப்பா எறங்கறது? முன்னாடி வாங்க" என்றேனாம். அதை நீ ஊரெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கினாய். நானும் விடவில்லை. "அடியே, ஒரு விசில் அடிச்சா நில்லுன்னு அர்த்தம். ரெண்டு அடிச்சாத்தான் போ. நீ பாட்டுக்கு ஒரு விசில் அடிச்சு குரங்கை நிக்கச் சொல்லிட்டு இருக்கே" என்றேன். "ஆமா, குரங்கு உங்க பஸ்ஸுலதான் இத்தனை நாளா வேலை பாத்துச்சு" என்று உதட்டைச் சுழித்தாய். மறுநாள் மத்தியானம் கொல்லையிலிருந்து சுருக்கென்று இரண்டு விசில் கேட்டது. நான் கண்ணைத் திறக்காமலே சிரித்துக்கொண்டேன்.

இதை யாராவது எடுத்துப் படித்தால் உன்னைக் கருமி என்று நினைத்துவிடக் கூடாது. காப்பாற்றிய பழத்தை நீ வீட்டில் வைத்துக்கொண்டதே இல்லை. மாமிக்கு ஒரு தட்டு, இஸ்திரி போடுகிறவருக்கு ஒரு பை, முசிறிக்கு ஒரு கூடை. "குடுக்கறதை முழுசாக் குடுக்கணும். ஓட்டை விழுந்ததைக் குடுத்தா அது குடுத்ததாவே ஆகாது" என்பாய். அதற்காக நீ தியாகியும் இல்லை. முதல் பழம் உனக்கு. அதில் மகளுக்குக்கூடப் பங்கு கிடையாது. "காவல் காத்தவளுக்குத்தான் மொதப் பழம்" என்று அரிசியிலிருந்து எடுத்து, மரத்தடிக்கே கொண்டுபோய், நின்றபடி, தோலைப் பல்லால் உரித்துத் தின்பாய். சாறு முழங்கை வரை வழியும். கொட்டையைச் சப்பி வெள்ளையாக்கிவிட்டுத்தான் உள்ளே வருவாய். அந்த நேரத்தில் உன் முகத்தில் இருந்த நிறைவை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. நகை வாங்கிக் கொடுத்தபோதுகூடப் பார்த்ததில்லை.

போன வருஷம் அந்த முதல் பழத்தை நீ சாப்பிடவில்லை.

மாங்காய் திரண்டு வருகிற நேரத்தில் உன்னைப் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றில்தான் கோளாறு. வாய் வழியாகத் தண்ணீர்கூடக் கூடாது என்றுவிட்டார்கள். கையில் ஊசி, மூக்கில் குழாய். காலையில் நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்ததும் நீ கேட்கிற முதல் கேள்வி உன் உடம்பைப் பற்றியதாக இருக்காது. "குரங்கு வந்துச்சா?" வந்தது, விரட்டினேன் என்பேன். "ரெண்டு விசிலா?" என்று கேட்பாய். ஆமாம் என்பேன். குழாய்க்கு நடுவிலேயே ஒரு சிரிப்பு வரும். நர்சம்மாவுக்கு நாம் என்ன பேசிக்கொள்கிறோம் என்றே புரியவில்லை.

ஒருநாள், "கெழக்கால கிளையில ஒண்ணு இருக்குமே, காம்புகிட்ட மேடு தட்டியிருக்கா பாருங்க. தட்டியிருந்தா பறிச்சிருங்க, இனிமே மரத்துல விடக்கூடாது" என்றாய். போய்ப் பார்த்தேன். தட்டியிருந்தது. தொரட்டியில் வலைப்பையைக் கட்டி, கீழே விழாமல் பறித்தேன். பால் வடிய விட்டு, துணியில் சுற்றி உன்னிடம் கொண்டுவந்தேன். நீ அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாய். பிறகு முகர்ந்து பார்த்தாய். அந்த டெட்டால் வாசனைக்கு நடுவே உனக்கு என்ன தெரிந்ததோ, "இன்னும் நாலஞ்சு நாள் ஆகும். அரிசிக்குள்ள வைங்க. வந்து சாப்பிடறேன்" என்று திருப்பிக் கொடுத்தாய். வைத்தேன். அதுதான் நீ என்னிடம் கடைசியாகத் தெளிவாகப் பேசியது. அடுத்த நாள் நினைவு தப்பியது, திரும்பவில்லை.

உன்னை வீட்டிலிருந்து எடுத்துப் போகிற வண்டியில் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "போலாங்களா?" என்றார். அந்தக் கேள்விக்குத்தானே நான் ஆயுசு முழுக்கப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். நானே சொல்லி உன்னை அனுப்புவேனா? கடைசியில் யாரோ பின்னால் வண்டியைத் தட்டினார்கள், இரண்டு தட்டு. வண்டி கிளம்பிவிட்டது.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சொந்தக்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். நம் மகள்தான் ஒரு வாரம் கழித்து அரிசி டிரம்மைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே கீழே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பழம் அழுகி, கறுத்து, அரிசியோடு ஒட்டிப்போயிருந்தது. அதை ஒட்டியிருந்த அரிசியை மட்டும் அள்ளிக் கொட்டினாள். மிச்சத்தையும் கொட்டப் போனபோது நான் விடவில்லை. அந்த அரிசி தீர்கிற வரை சோற்றில் லேசாக அந்த வாசனை இருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

கருமாதிக்கு ஆற்றங்கரையில், அம்மா மண்டபத்தில் பிண்டம் வைத்தேன். வைத்த கை எடுப்பதற்குள் காக்கைகள் மொய்த்துத் தின்றுவிட்டன. அவை எல்லார் வீட்டுச் சோறும் தின்று வளர்ந்தவை, உன்னைத் தெரிந்தவை அல்ல. அடுத்து வந்த அமாவாசைக்கு உன் அக்கா வந்து சமைத்து, கொல்லை மதிலில் இலை போட்டுச் சோறு வைத்தாள். "கா... கா..." என்று கூப்பிட்டோம். மாமி வீட்டு மதிலில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்த்தன. ஒன்றும் இந்தப் பக்கம் வரவில்லை. சோறு வெயிலில் காய்ந்து விறைத்துப்போயிற்று.

"ஆத்தங்கரைல தின்னதெல்லாம் கணக்குல வராது தம்பி. வீட்டுல வச்சதை எடுக்கணும்" என்றாள் உன் அக்கா. பிறகு குரலை இறக்கி, "அவளுக்கு ஏதோ மனக்குறை இருக்கு" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "குறையா? அவளுக்கா? இருந்திருந்தா அன்னைக்கே என்னை நிக்க வச்சுக் கேட்டிருப்பாளே! மனசுக்குள்ள வச்சுக்கிட்டுப் போற ஆளா உங்க தங்கச்சி?" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் பயந்துபோனாள். கத்தியது என்னவோ உண்மை, ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வந்து சாப்பிடறேன் என்று சொன்னாய். வரவில்லை, சாப்பிடவில்லை. அந்த ஒரு பழம் உனக்குப் பாக்கி நிற்கிறதோ? நீ குறையில்லாமல்தான் போனாய் என்று எனக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. சொல்லக்கூடியது ஒரு காக்கைதான். நம் வீட்டுக்கோ காக்கை வராது. வரக் கூடாது என்று நீயே ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தாய்.

அன்று அண்ணாந்து பார்த்தபோதுதான் கவனித்தேன், அந்தக் குடைத்துணிக் காக்கை மாங்கிளையில் வெளுத்துப்போய் இன்னமும் தொங்கிக்கொண்டிருந்தது. ஏணி போட்டு ஏறி அவிழ்த்தேன். நீ போட்ட முடிச்சு இலேசில் அவிழவில்லை. அறுக்க மனசு வராமல் நகத்தால் நெம்பி நெம்பி எடுத்தேன். அடுத்த அமாவாசைக்கும் காக்கை வரவில்லை. கேசட் நாடாவைச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். அதற்கடுத்த அமாவாசைக்கும் இல்லை. கொய்யா வலையைக் கழற்றினேன். நீ கட்டியதை எல்லாம் நான் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றை அவிழ்க்கும்போதும் உன்னை இன்னொரு தடவை அனுப்பிவைக்கிற மாதிரி இருந்தது. கொய்யாவெல்லாம் அணிலுக்கும் கிளிக்கும் போயிற்று. போகட்டும் என்று விட்டேன்.

மாமி ஒருநாள் என்னைப் பார்க்கச் சகிக்காமல், "கண்டக்டர் சார், எங்காத்து மதில்ல வெச்சுடுங்கோ, இங்க வந்துடும்" என்றாள். வைத்தேன். உடனே வந்து தின்றன. எனக்கு ஒட்டவில்லை. அவை மாமியை நம்பி வந்த காக்கைகள். முகத்தைப் பார்த்தே மாமி புரிந்துகொண்டாள். "அவ குடுத்த டிரெய்னிங் அப்படி சார். ஜென்மத்துக்கும் மறக்காது அதுகள்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் மரம் பூத்தபோதே முடிவு செய்துவிட்டேன். திதிக்கு உனக்கு முதல் பழம், முழுசாக, ஒரு கீறல் இல்லாமல். ஆனால் காக்கையை மிரட்டுகிற எதையும் கட்டக் கூடாது. அணிலும் குரங்கும் வரவும் கூடாது, காக்கை வரவும் வேண்டும். இந்த மாதிரி ஓர் இக்கட்டில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாயோ தெரியாது. நான் சட்டைப்பாக்கெட் வைத்த அந்தக் காக்கிப் பையை எடுத்து, கிழக்குக் கிளையில் ஒரு காய்க்கு மட்டும் கட்டினேன். பகலெல்லாம் மரத்தடியில் நாற்காலி போட்டு, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குரங்கு வந்தால் இரண்டு விசில். மற்ற காய்களில் பாதி போயிற்று. பைக்குள் இருந்தது தப்பித்தது. காம்பருகே மேடு தட்டியதும் பறித்தேன். அதுதான் இன்று காலை டிரம்முக்குள் மணத்த பழம்.

காலையில் அம்மா மண்டபம் போய்த் திதி கொடுத்துவிட்டு வந்தேன். உன் படத்துக்கு முன்னால் புதுச் சேலை, வடை, பாயசம், உனக்குப் பிடித்த வாழைப்பூப் பொரியல் எல்லாம் வைத்துப் படைத்தோம். பிறகு கொல்லை மதிலில் இலையைப் போட்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்தோம். நடுவில் அந்தப் பழம். மேல்தோலைக் கொஞ்சம் சீவிவிட்டேன், வாசனை போகட்டுமென்று. உன் அக்கா கூப்பிட்டாள், மகள் கூப்பிட்டாள், நான் கூப்பிட்டேன். காக்கை எடுத்தால்தான் நாங்கள் சாப்பிட முடியும். வெயில் மண்டையைப் பிளந்தது. மாமியும் அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டாள். பாவம், அவள் இன்று தன் மதிலில் சோறு வைக்கவே இல்லை. இந்தப் பக்கம் வரட்டும் என்று.

ரொம்ப நேரமாயிற்று. உன் அக்காவுக்குத் தலை சுற்றுகிறதென்று மகள் உள்ளே அழைத்துப் போனாள். நான் மட்டும் மரத்து நிழலில் நாற்காலியில் உட்கார்ந்தேன். பல நாள் காவலிருந்த அதே நாற்காலி. கழுத்தில் அதே விசில், கழற்ற மறந்திருந்தேன்.

அப்போது வந்தது. ஒற்றைக் காக்கை. நீ பொம்மையைக் கட்டியிருந்தாயே, அதே கிளையில் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. கிளையிலிருந்து மதிலுக்கு இறங்கியது. தத்தித் தத்தி இலைக்கு வந்தது. சோற்றைப் பார்க்கவில்லை, வடையைத் தொடவில்லை. நேராகப் பழத்துக்குப் போய், சீவிவிட்ட இடத்தில் அலகை இறக்கி ஒரு கொத்துக் கொத்தி எடுத்தது. விழுங்கியது. மறுபடி குனிந்தது.

"அடேய், கையை எடுடா!"

சத்தியமாக நான் கத்தவில்லை. என் வாயிலிருந்துதான் வந்தது, அடிவயிற்றிலிருந்து வந்தது, ஆனால் நான் கத்தவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, நான் கையை ஓங்கியபடி நின்றேன். காக்கை விருட்டென்று எழும்பி மாமரத்துக்கு மேலே போய்விட்டது. ஒரு வருஷமாக, ஒவ்வொரு அமாவாசைக்கும், கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிட்ட காக்கை. வந்தவளை நானே விரட்டிவிட்டேன். கை தானாக விசிலை எடுத்தது. வானத்தைப் பார்த்து ஒரு விசில் அடித்தேன், மூச்சு தீர்கிற வரை நீளமாக. ஒரே ஒரு விசில். நில்லு, நில்லு என்று.

அது நிற்கவில்லை. கொள்ளிடம் பக்கமாகப் போய் மறைந்தது.

உன் அக்காவும் மகளும் பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சிரிப்பும் சேர்ந்து வந்தது, எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "அவளே வந்து கத்தினாப்ல இருந்தது சார். நான் ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன்" என்றாள்.

"எடுத்துச்சா தம்பி? சாப்டுச்சா?" என்று உன் அக்கா கேட்டாள்.

"சாப்டா" என்றேன். "மொதப் பழத்தை மொதல்ல அவதான் சாப்டா."

அவர்கள் இலை போட உள்ளே போனார்கள். நான் மதிலிலிருந்து அந்தப் பழத்தை எடுத்தேன். அலகு பட்ட இடத்தில் சின்னதாக ஒரு குழி, அதில் சாறு ஊறி நின்றது. ஓட்டை விழுந்த பழத்தை நீ இந்த வீட்டில் யாரையும் தின்ன விட்டதில்லை. எச்சி என்பாய். உன் எச்சில்தானே. மரத்தடிக்குக் கொண்டுபோய், நின்றபடி, தோலைப் பல்லால் உரித்து, அந்தக் குழியிலிருந்தே தின்ன ஆரம்பித்தேன். நல்ல இனிப்பு. சாறு முழங்கை வரை வழிந்தது, துடைக்கவில்லை. கொட்டையைச் சப்பி வெள்ளையாக்கிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

நாளைக்கும் குரங்கு வரும். கிளையில் இன்னும் சில காய்கள் இருக்கின்றன, மாமிக்கு ஒரு தட்டு கொடுக்க வேண்டும். அந்தக் குடைத்துணிக் காக்கையை மட்டும் இனிமேல் கட்டப்போவதில்லை. மற்றபடி காவலுக்குக் குறைவில்லை. உன் கூச்சல் என் தொண்டையில்தான் இருக்கிறது.